நூறு முறை ஆடிய ஒரே ஆட்டம்

அண்ணி வீட்டு இட்லிப் பானைக்கு நான்கு தட்டுகள். கடைசி மூன்று வருடங்களில் அவற்றில் மூன்றுதான் அடுப்பேறின. நான்காவது தட்டு அம்மாவின் அறையில், தையல் மெஷின் மேஜைமேல் குப்புறக் கிடந்தது. அதன்மேல் அடிமூடியைக் கழற்றிய பழைய லேப்டாப் ஒன்று. தட்டின் ஓட்டைகள் வழியாகக் காற்று போவதற்காக எதிரில் ஒரு டேபிள் ஃபேன், தலையாட்டாமல் லேப்டாப்பை மட்டும் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். அஸ்தினாபுரத்து மாடி வீட்டில் மே மாத வெயில் எப்படி இறங்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அண்ணி கீழே உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "மனுஷங்களுக்கு இல்லாத காத்து மெஷினுக்கா அண்ணி?" என்று கேட்டேன். "அதுக்கு ஜுரம் தம்பி. கொஞ்சம் தணியட்டும்," என்றார். நான் சிரித்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மாவின் காலைப் பிடித்துவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பினேன்.

அந்தத் தட்டைப் பார்த்த உடனே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். வேறு யாருக்குத் தட்டாவிட்டாலும் எனக்குத் தட்டியிருக்க வேண்டும். ஒரு லேப்டாப்பை இரவு பகலாக மூச்சுவிடாமல் ஓடவிட்டு, அது சூடேறிச் சாகாமல் இருக்க அடியில் எதையாவது முட்டுக்கொடுத்து ஃபேன் வைக்கிறவர்கள் இந்த உலகத்தில் கொஞ்சம் பேர்தான். நான் அவர்களில் ஒருவன். என் லேப்டாப் நின்றது நான்கு பவுடர் டப்பா மூடிகளின் மேல்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. செஸ் ஆடும் புரோகிராம் எழுதுவது. செஸ் ஆடுவது வேறு, இது வேறு. ஆட்டத்தில் நான் சுமார்தான். எங்களைப் போன்றவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள், எல்லோரும் வேறு வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவர்கள். ஆளுக்கொரு புரோகிராமை வளர்த்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதவிடுவோம். ஒரு சின்ன மாற்றம் செய்தால்கூட, பழைய புரோகிராமையும் புதியதையும் ஆயிரக்கணக்கில் ஆடவைத்துப் பார்த்த பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்று சொல்வோம். உலகப் பட்டியலில் என் புரோகிராமைத் தேட வேண்டுமென்றால் விரலால் நிறைய நேரம் தள்ள வேண்டும். ஆனாலும் அந்தக் குழுவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். 'சேலையூர்' என்பதுதான் அங்கே என் பெயர். அதை வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன், அண்ணியிடமும்.

அந்தக் குழுவுக்கு மாதம் ஒருவராவது புதிதாக வருவார். வந்த அன்றே உலகத்தைப் புரட்டிப்போடும் யோசனை ஒன்றைக் கையில் வைத்திருப்பார். கோடிக்கணக்கான நிலைகளைப் பார்க்கத் தேவையில்லை, மனிதன் மாதிரி யோசிக்க வைக்கலாம் என்பார். நாங்கள் கேட்கும் கேள்விகள் எப்போதும் அதே மூன்றுதான். எத்தனை ஆட்டம் ஆடிப் பார்த்தீர்கள்? யாரோடு? புரோகிராமைக் காட்ட முடியுமா? பத்தில் ஒன்பது பேர் அதற்குப் பிறகு காணாமல் போவார்கள். எங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வாய்ச்சொல்லை நம்பி மாதக்கணக்கில் வீணடித்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் நாள்பட நாள்பட, கேள்வி கேட்பது போய், ஆளை மட்டம்தட்டுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது. யார் நறுக்கென்று பதில் எழுதுகிறார் என்பதில் எங்களுக்குள் போட்டி. அதில் எனக்கு நல்ல பெயர். புரோகிராமில் வராத பெயர் அதில் வந்தது.

அண்ணி இரும்புலியூரில் பிறந்தவர். பி.எஸ்சி. கணிதம் முடித்த மறு மாதம் கல்யாணம். அண்ணனுக்கு மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை, மூன்று ஷிஃப்ட். ஆறு வருடம் முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. "அத்தை இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்," என்று அண்ணி சொன்னார். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது, அதை மறைப்பானேன். சேலையூரில் என் ஃப்ளாட்டில் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான் புரோகிராம் எழுத முடிந்தது என்றால், அஸ்தினாபுரத்தில் ஒருத்தர் என் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார் என்பதால்தான். ஞாயிற்றுக்கிழமை போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவேன். அதற்குப் பெயர் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவது.

ஊரடங்கு நாட்களில் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பை ஃபோனிலும் லேப்டாப்பிலுமாக நடத்தினார்கள். பெண் பாதி நாள் தூங்கிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிதான் நோட்டில் எழுதிக்கொள்வார். பள்ளி திறந்ததும் அவள் அதை மறந்தாள், அண்ணி மறக்கவில்லை. எப்போதாவது என்னிடம் சந்தேகம் கேட்பார். ஒரு பட்டியலை எப்படித் தலைகீழாக அடுக்குவது, ஒரு வேலையை நூறு முறை திரும்பச் செய்யச் சொல்வது எப்படி, இப்படி. "எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்பேன். "சும்மா தம்பி. மூளை துருப்பிடிக்காம இருக்கட்டும்," என்பார். நான் பாதிக் கவனத்தில் சொல்லிக்கொடுத்தேன். செஸ் என்ற வார்த்தையை அவர் என்னிடம் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

இரண்டரை வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, குழுவில் புதிதாக ஒருவர் எழுதினார். பெயர் என்று இரண்டு ஆங்கில எழுத்தும், செஸ் பலகையின் கட்டக் கணக்கான அறுபத்து நான்கும். 'மதிப்புக்குரிய உறுப்பினர்களே, பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்' என்று ஆரம்பித்தது. அந்த ஆங்கிலத்தைப் பார்த்ததுமே நம்ம ஊர் ஆள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்குப் பரிவு வரவில்லை, எரிச்சல் வந்தது. வெள்ளைக்காரர்கள் முன்னால் மானத்தை வாங்க வந்துவிட்டான் என்று தோன்றியது. ஆண் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

யோசனை இதுதான். ஒவ்வொரு காயும் வேறு எந்தெந்தக் காய்களைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது என்று எண்ண வேண்டும். நிறையக் காய்களைத் தாங்கிக்கொண்டிருக்கும் காயின் மேல் சுமை அதிகம். எதிராளியின் பக்கத்தில் சுமை அதிகமுள்ள காய் எதுவோ, அதைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தால் போதும். பத்துப் பன்னிரண்டு நகர்வு முன்னால் பார்க்கும் புரோகிராமைக்கூட, இரண்டே நகர்வு பார்க்கும் புரோகிராம் ஜெயிக்கும். சான்றாக, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சின்ன புரோகிராமோடு நூறு ஆட்டம் ஆடவிட்டதாகவும், நூறிலும் வென்றதாகவும் எழுதியிருந்தார். ஆட்டங்கள் எல்லாவற்றையும் கோப்பாக இணைத்திருந்தார். எங்களில் பாதிப் பேர் காட்டாத நாணயம் அது.

நான் கோப்பைத் திறந்தேன். முதல் ஆட்டத்தைப் பார்த்தேன், இரண்டாவதைப் பார்த்தேன், கடைசியைப் பார்த்தேன். மூன்றும் ஒன்று. நூறும் ஒன்று. அந்த இரண்டு புரோகிராமும் ஒரே நிலையில் வைத்தால் ஒரே நகர்வைத்தான் சொல்லும். அவற்றுக்கு மனம் மாறாது. அதனால் நாங்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் வேறு வேறு தொடக்க நிலையிலிருந்து ஆரம்பிப்போம். இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைப்பதில்லை. யாராவது சொன்னால்தான் தெரியும். நான் எழுதினேன்: 'வாழ்த்துகள். நீங்கள் ஒரே ஒரு ஆட்டத்தை வென்றிருக்கிறீர்கள். நூறு முறை.'

அன்று குழுவில் அதைக் கொண்டாடினார்கள். ஒருவர் அதைத் தன் ஒவ்வொரு பதிவின் அடியிலும் வரும் கையெழுத்து வரியாகவே வைத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கல்லைப் போட்டார்கள். காய்களின் சுமை என்பது நாற்பது வருடப் பழைய சங்கதி என்றார் ஒருவர். குளிர் நாட்டுக்காரர் ஒருவர், வயதானவர், எப்போதும் இரண்டு வரிக்கு மேல் எழுதாதவர், அவர் மட்டும், 'வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஆடவிட்டுப் பாருங்கள். இந்தத் தவறைச் செய்யாதவர் இங்கே யாரும் இல்லை,' என்று எழுதினார். புதியவர் அதன்பின் ஒரே ஒருமுறை பதில் போட்டார். 'திருத்தத்திற்கு நன்றி. சரிபார்க்கிறேன்.' அதோடு சரி.

அந்த வயதானவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று எனக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருடம் முன்பு, குழுவில் சேர்ந்த மூன்றாவது மாதம், நானும் அறுபது ஆட்டம் வென்றதாக எழுதினேன். அறுபதும் ஒன்று. யாரோ ஒருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, இப்படி ஆகியிருக்கிறது, பதிவை எடுத்துவிட்டு வேறு தொடக்கங்களோடு மறுபடி ஓட்டுங்கள் என்றார். எடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. எனக்குக் காதோடு சொன்ன விஷயத்தை நான் ஊரைக் கூட்டிச் சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, இதையே கதையாகச் சொன்னேன். அண்ணனும் அவர் மகளும் தட்டில் கை வைத்தபடி கேட்டார்கள். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார். விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழ்வாக இறங்கிப் போனதால் கதையை நடுவில் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் அந்தக் கடைசி வரியை நன்றாக ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அண்ணனுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. அண்ணி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்த ஆளு இப்ப என்ன பண்ணணும் தம்பி?"

"போய் வேற வேலையப் பாக்கணும் அண்ணி."

மறுபடி சிரிப்பு. அண்ணியும் சிரித்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி, வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன். உள்ளே அம்மாவின் அறையில் டேபிள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில், அண்ணி அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துவரும்போது விழுந்தார். மூளைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். நாற்பத்தாறு வயது. அடிக்கடி தலை வலிக்கிறது என்று அவர் சொன்னதும், கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நாங்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னதும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அண்ணன் மகள் ஃபோன் செய்தாள். கல்லூரி வேலைக்காகத் தன் அம்மாவின் லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள்.

"சித்தப்பா, இதுல ஒரு ஃபோரம் ஓப்பன் ஆகி கெடக்கு. செஸ் புரோகிராம்னு இருக்கு. இது உங்க குரூப்தானே? அம்மா எதுக்கு இதுல லாகின் பண்ணாங்க?"

"என்ன பேர்ல இருக்கு?"

சொன்னாள். இரண்டு எழுத்து, அறுபத்து நான்கு. அண்ணியின் முதலெழுத்தும் அவர் அப்பாவின் முதலெழுத்தும். ஒன்றும் பெரிய மர்மமில்லை. நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். "அம்மா விழுந்த அன்னிக்கு ஃபேன் அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு சித்தப்பா. ஆஸ்பத்திரிலருந்து நான் வந்துதான் ஆஃப் பண்ணேன்," என்றாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கேம்ப் ரோட்டில் ஒரு ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனேன்.

லேப்டாப்பில் எல்லாம் இருந்தது. வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை அண்ணி. குளிர் நாட்டுக்காரர் எழுதிய அன்று சாயங்காலமே வேறு வேறு தொடக்கங்களைச் சேகரித்து, அதே சின்ன புரோகிராமோடு மறுபடி நூறு ஆட்டம் ஓட்டியிருக்கிறார். அதில் நான்கில்தான் வெற்றி. அடுத்ததில் ஒன்பது. புரோகிராமின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு எண் போட்டு, வெற்றி, தோல்வி, சமன் என்று பிரித்து எழுதி வைத்திருந்தார். கடைசிப் பதிப்பின் எண் முப்பத்தொன்று. குழுவில் பன்னிரண்டு வருடமாக நான் எழுதிய குறிப்புகளில், உருப்படியானவற்றை மட்டும் தேடி எடுத்துத் தனிக் கோப்பாக வைத்திருந்தார். நக்கல்களை விட்டுவிட்டிருந்தார்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் நடுநடுவே தங்களுக்காகக் குறிப்பு எழுதிக்கொள்வது வழக்கம். சுமையைக் கணக்கிடும் இடத்தில் அண்ணி, ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்: 'ஒரு காய் மேல மூணு பேர் சாஞ்சிருந்தா அது எங்கயும் நகர முடியாது. பாக்க பலமா இருக்கும். அத அடிச்சா வீடே விழுந்துரும்.' ஆறு வருடத்தில் அவர் ஒரு ராத்திரிகூட அந்த வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. குன்றத்தூருக்கு ஒரு கிருத்திகைக்குப் போய்வர வேண்டும் என்பார், அதற்கும் அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். நான் ஒருமுறைகூட, நான் பார்க்கிறேன் போய்ட்டு வாங்க என்று சொன்னதில்லை.

குழுவுக்கு அனுப்புவதற்காக எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் ஒன்றும் இருந்தது. விழுவதற்கு நான்கு நாள் முன்பு எழுதியது. முப்பத்தொன்றாவது பதிப்புக்கு ஆயிரம் ஆட்டச் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் முடிவை இணைக்கிறேன், முன்பு செய்த தவறுக்கு மன்னிக்கவும் என்று இருந்தது. கடைசியில் ஒரு நன்றி. 'என் தவறைக் கண்டுபிடித்த திரு. சேலையூர் அவர்களுக்கு. அவர் என் கொழுந்தன். அவருக்கு இது இன்னும் தெரியாது.' வேறு எவரும் செய்வதுபோல என்னைத் திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சோதனை அறுநூற்றுச் சொச்சம் ஆட்டத்தில் நின்றிருந்தது. மீதியை நான் ஓட்டி முடித்தேன். வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சமம். தோல்வி ஒரு கைப்பிடி அதிகம். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் நிறைய ஆட்டங்கள் வேண்டும் என்பதுதான் எங்கள் குழுவின் தீர்ப்பாக இருக்கும். அண்ணியின் யோசனை உலகத்தைப் புரட்டவில்லை. ஆனால் நூறில் நான்கிலிருந்து சரிபாதிக்கு, அதன்பிறகு இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார். அவரிடம் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லி, மேற்கொண்டு வழிகாட்டியிருந்தால் ஒரு வருடமாவது மிச்சமாகியிருக்கும். அதைவிட, ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்புக்கு நடுவே பேச எங்கள் இருவருக்கும் எவ்வளவோ இருந்திருக்கும். சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் இதைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லையே என்று நான் எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை, புரோகிராமையும் ஆட்டங்களையும் கோப்பாக இணைத்து, அவர் பெயரிலேயே அனுப்பினேன். கீழே, நான்தான் அந்தச் சேலையூர், இவர் என் அண்ணி, இறந்துவிட்டார் என்று எழுதினேன். எல்லோரும் மிக அன்பாக எழுதினார்கள். கையெழுத்து வரியை வைத்திருந்தவர் அதை எடுத்துவிட்டார். இரண்டு பேர் சுமைக் கணக்கைத் தங்கள் புரோகிராமில் சேர்த்துப் பார்த்து, பலனில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். குளிர் நாட்டுக்காரர், 'கோப்பை அனுப்பியதற்கு நன்றி. மெதுவாகப் பார்க்கிறேன்,' என்று மட்டும் எழுதினார். ஒரு வாரத்தில் வேறு ஒரு புதியவர் வேறு ஒரு யோசனையோடு வந்தார். எத்தனை ஆட்டம் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அம்மா இப்போது சேலையூரில் என்னிடம் இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். என் புரோகிராமைத் திறந்து நான்கு மாதம் ஆகிறது. அண்ணியின் லேப்டாப்பை மட்டும், இட்லித் தட்டோடும் ஃபேனோடும், அம்மாவின் அறையில் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றாவது பதிப்பு பத்தாயிரம் ஆட்டம் ஆடட்டும் என்று விட்டிருக்கிறேன். அதை முதல்முறை ஓடவிட்ட அன்று மத்தியானம், ஃபேனைத் தட்டுக்கு நேராகத் திருப்பிவிட்டு நிமிர்ந்தேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது பாதிச் செய்திகள் நினைவில் தங்குவதில்லை. அண்ணி போனதையும் பலமுறை சொல்லியாகிவிட்டது.

"அவ வந்துட்டாளாடா?" என்றார், வளைந்த வாயோடு.

நான் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. வேற வேற எடத்துலருந்து ஆரம்பிக்கணும் அண்ணி, வேற ஒண்ணும் பண்ண வேணாம் என்று, இரண்டரை வருடம் கழித்து, வாய்விட்டே சொன்னேன். அம்மா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.